தோற்கத் தெரியாத மல்லர்கள்

ரெஸ்லிங் ஷோவின் கடைசி மேட்ச் ஆறாவது நிமிஷத்தில் நின்றுபோனது. முடிந்தது என்று சொல்ல மனம் வரவில்லை. உள்ளூர் ஹீரோ முகமூடிக்காரரைத் தூக்கித் தோளில் போட்டார். அந்த நேரம் பார்த்துத் திரைக்குப் பின்னாலிருந்து மூன்று பேர் ஓடிவந்து நாற்காலியால் சாத்தினார்கள். மணி அடித்தது. ரெஃப்ரி இரண்டு கையையும் விரித்தார். ஜெயித்தது யார் என்று அறிவிப்பாளருக்கே தெரியவில்லை போல. அடுத்த ஷோவுக்கும் வந்து ஆதரவு தரச் சொல்லிவிட்டு மைக்கை அணைத்துவிட்டார்.

மும்பையின் மத்திய ரயில் பாதையில், தாணேவுக்கும் அப்பால் ஒரு புறநகர். முகூர்த்த நாளில் கல்யாணம் நடக்கும் ஹால். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அதன் நடுவில் ஒரு ரிங்கை நிறுத்தி, சுற்றி முந்நூறு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். பாதிக்கு மேல் காலி. தாராவியிலிருந்து நானும் அக்கா மகனும் அவனுடைய கூட்டாளிகள் இரண்டு பேரும் போயிருந்தோம். மொத்தம் ஐந்து மேட்ச். அதில் ஒன்றுதான் உருப்படி. அதை அப்புறம் சொல்கிறேன்.

திரும்பும்போது லோக்கல் ரயிலில் அக்கா மகன் கேட்டான்: "மாமா, பொய்ச் சண்டைன்னு தெரிஞ்சுதான போனோம்? அப்புறம் ஏன் ஏமாந்த மாதிரி இருக்கு?"

பதினாலு வயசுப் பையன் கேட்ட கேள்விதான். ஆனால் இந்தத் தொழிலின் மையமே அந்தக் கேள்வியில் இருக்கிறது.

பெரியவர்கள் இதற்கு ஒரு ரெடிமேட் பதில் வைத்திருப்பார்கள். எல்லாம் செட்டப்பு, யார் ஜெயிப்பது என்று முதலிலேயே பேசி வைத்திருப்பான், போய்ப் படி. எங்கள் அப்பா என்னிடம் சொன்னதும் இதுதான். ஆனால் இது ஒன்றும் ரகசியம் இல்லை. 1989இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில், விளையாட்டு ஆணையத்தின் பிடியிலிருந்தும் வரியிலிருந்தும் தப்பிப்பதற்காக, "நாங்கள் நடத்துவது போட்டி இல்லை, பொழுதுபோக்கு" என்று ரெஸ்லிங் ஷோ நடத்தும் டபிள்யூ.டபிள்யூ.எஃப். நிறுவனமே ஒப்புக்கொண்டுவிட்டது. அதற்காகக் கூட்டம் குறைந்ததா? அதற்குப் பிறகுதான் ஸ்டோன் கோல்ட், ராக் என்ற பெரிய ரெஸ்லர்கள் வந்தார்கள். நம் பிள்ளைகள் ரெஸ்லர் படம் போட்ட ட்ரம்ப் கார்டுக்காக அடித்துக்கொண்டதும் அதற்குப் பிறகுதான். பொய் என்று தெரிந்ததால் யாரும் ஏமாறவில்லை.

எங்கள் குடும்பத்துக்குப் பூர்வீகம் செய்யாறு பக்கம். அங்கே திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து நடக்கும். கடைசி நாள் காலை படுகளம். மண்ணால் செய்த துரியோதனன் உருவம் மைதானத்தையே அடைத்துக்கொண்டு மல்லாந்து கிடக்கும். துரியோதனன் வேஷம் கட்டியவரைப் பீமன் வேஷக்காரர் துரத்தித் துரத்தித் தொடையில் அடிப்பார். முடிவு என்ன என்று அங்கே நிற்கும் ஆறு வயசுக் குழந்தைக்கும் தெரியும். நூறு வருஷமாக ஒரு தடவைகூட முடிவு மாறியதில்லை. இருந்தும் துரியோதனன் விழும்போது கூட்டத்துக்குள் ஒரு சத்தம் எழும் பாருங்கள், அதை எந்த ஸ்டேடியத்திலும் நான் கேட்டதில்லை.

இதில் கவனிக்க வேண்டியது துரியோதனனைத்தான். கூத்தில் பெரிய கிரீடம், பெரிய புஜக்கட்டை, திரைக்குப் பின்னால் நின்று பாடிக்கொண்டே வரும் நீண்ட வரவு எல்லாம் அவருக்கு. விடிய விடிய அவரை உயர்த்தி உயர்த்திக் கட்டுவது காலையில் விழ வைப்பதற்காக. தேர்ந்த கூத்துக்காரருக்குத்தான் அந்த வேஷம் போகும், ஏனென்றால் விழுவது கஷ்டமான வேலை.

ரெஸ்லிங்கும் இதே தொழில்தான். ஜெயிப்பதற்குப் பெரிய திறமை வேண்டியதில்லை. முடிவு எழுதப்பட்டிருக்கிறது, கையைத் தூக்கினால் போதும். தோற்பவர்தான் மேட்ச்சைச் சுமக்கிறார். அவர் எப்படி விழுகிறார், எவ்வளவு வலிக்கிற மாதிரி காட்டுகிறார், எத்தனை முறை எழப் பார்க்கிறார், கடைசியில் எந்த நொடியில் கைவிடுகிறார் என்பதை வைத்துத்தான் ஜெயித்தவருக்கு மதிப்பு. அன்றைக்கு அந்த ஹாலில் ஐந்து மேட்ச்சில் நான்கில் யாருக்கும் தோற்கத் தெரியவில்லை. ஒன்றிரண்டு பேருக்கு விருப்பமும் இல்லை.

முதலில் தெரியாதவர்களைப் பற்றி. ரெஸ்லிங் ரிங் மெத்தை என்று பலர் நினைக்கிறார்கள். இரும்புச் சட்டத்தின் மேல் பலகை, பலகைக்கு மேல் கொஞ்சம் ஃபோம், அதற்கு மேல் இழுத்துக் கட்டிய கேன்வாஸ், அவ்வளவுதான். பலகை கொஞ்சம் வளைந்து கொடுக்கும், சத்தம் போடும். அந்த 'டமார்' சத்தத்தில் பாதி பலகையின் புண்ணியம். இதன் மேல் மல்லாந்து விழுவதற்கு 'பம்ப்' என்று பெயர். தாடையை நெஞ்சோடு ஒட்டிவைத்துக்கொண்டு, மேல்முதுகு முழுக்க ஒரே நேரத்தில் படும்படி, கையை விரித்து அடித்து, மூச்சை வெளியே விட்டபடி விழ வேண்டும். தாடை விலகினால் பின்மண்டை அடிபடும். இதையே மாதக்கணக்கில் பழகுவார்கள். வலிக்காது என்று இல்லை, உடையாது என்றுதான் அர்த்தம்.

முதல் மேட்ச்சில் இறங்கிய இருவருக்கும் இந்த அடிப்படையே பயமாக இருந்தது. ஒருவர் தூக்கிப் போடும்போது மற்றவர் காற்றிலேயே கையை ஊன்றப் பார்க்கிறார். மணிக்கட்டு முறிய இதைவிட நல்ல வழி கிடையாது. இரண்டு தடவை அப்படி ஆனதும் தூக்குவதையே விட்டுவிட்டார்கள். மீதிப் பத்து நிமிஷமும் நெஞ்சில் மாறி மாறி அறை. திறந்த கையால் நெஞ்சில் அறைவது நிஜமாகவே வலிக்கும், தோல் சிவந்துபோகும். ஆனால் நாற்பது அறை வாங்கியும் ஒருவர்கூட ஒரு அடி பின்னால் நகரவில்லை என்றால் அறைக்கு என்ன மரியாதை? கூட்டம் முதல் ஐந்துக்கு "ஓ" போட்டது. பிறகு செல்போனை எடுத்துவிட்டது.

வலியைக் காட்டுவதை இந்தத் தொழிலில் 'விற்பது' என்பார்கள். நல்ல வார்த்தை, ஏனென்றால் ரெஸ்லர் நமக்கு விற்கும் சரக்கே அதுதான். அமெரிக்காவில் வழக்கமாக இடது கை, இடது காலைத்தான் பிடித்து முறுக்குவார்கள், மெக்சிகோவில் வலதுபக்கம். இரண்டு பேரும் ஒத்திகை பார்க்காமலே சேர்ந்து ஆட இப்படி ஒரு வழக்கம் தேவை. நம் ஹாலில் மூன்றாவது மேட்ச்சில் ஒருவர் ஐந்து நிமிஷம் எதிராளியின் வலது முழங்காலைக் கம்பத்தில் மோதினார், முறுக்கினார், மிதித்தார். அடிவாங்கியவர் எழுந்து நொண்ட ஆரம்பித்ததும் அக்கா மகன் என் காதருகே வந்து, "மாமா, அடிச்சது வலது கால்ல. இவன் இடது கால நொண்டுறான்" என்றான். பின்வரிசையில் இருந்தவர்களும் பார்த்துவிட்டார்கள். "தூஸ்ரா பைர், தூஸ்ரா பைர்" என்று கத்தினார்கள். அவர் காலை மாற்றி நொண்டினார். அன்றைக்குக் கூட்டம் மனம்விட்டுச் சிரித்தது அப்போதுதான்.

எனக்குப் பக்கத்தில் ஒரு மராட்டியப் பெரியவர் உட்கார்ந்திருந்தார். கோலாப்பூர் பக்கத்துக்காரர். அங்கே ஷாஹு மகாராஜா காலத்துக் காஸ்பாக் மைதானத்தில் இன்றும் செம்மண்ணில் நிஜமான குஸ்தி நடக்கிறது. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கிய கே.டி. ஜாதவ் அந்த மண்ணில் பழகியவர். எதிராளியின் இரண்டு தோளும் மண்ணில் பட்டால் ஆட்டம் முடிந்தது, அதில் பேச்சே இல்லை. அந்தப் பெரியவர் மூன்றாவது மேட்ச்சோடு எழுந்து போய்விட்டார். போகும்போது ஒன்றே ஒன்று சொன்னார்: பிடியே இல்லையே.

அவர் சொன்னது சரி. ஆனால் நிஜக் குஸ்தியை அப்படியே கொண்டுவந்து வைத்தால் ஷோ பிழைத்துவிடும் என்று நினைத்தால் அதுவும் தப்பு. காமா பயில்வானின் கதையே அதற்குச் சாட்சி. 1910 செப்டம்பர் 10ஆம் தேதி லண்டனில் அவருக்கும் போலந்துக்காரர் ஸ்டானிஸ்லாஸ் ஜிபிஸ்கோவுக்கும் போட்டி. தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே காமா அவரைக் கீழே தள்ளிவிட்டார். ஜிபிஸ்கோ எழவே இல்லை. குப்புறப் படுத்து, தரையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, இரண்டரை மணி நேரத்துக்கு மேல் அப்படியே கிடந்தார். காமா மேலே இருந்துகொண்டு புரட்டிப் பார்க்கிறார், முடியவில்லை. கடைசியில் சமன் என்று அறிவித்தார்கள். அடுத்த வாரம் மறுபோட்டி வைத்தபோது ஜிபிஸ்கோ வரவே இல்லை, காமாவே வென்றவர் ஆனார். 1928இல் பாட்டியாலாவில் மறுபடியும் சந்தித்தபோது ஒரு நிமிஷத்துக்குள் ஜிபிஸ்கோ மல்லாந்துவிட்டார். அது வேறு.

லண்டனில் அன்று டிக்கெட் வாங்கியவனை நினைத்துப் பாருங்கள். நடந்தது நூறு சதவீதம் நிஜம். ஆனால் ஒருவர் தோற்கவே மாட்டேன் என்று படுத்துவிட்டால் நிஜத்தைப் பார்ப்பதைப் போல அலுப்பு வேறு இல்லை. அமெரிக்காவிலும் இதே கதி. 1916 ஜூலை 4 அன்று ஓமஹா நகரில் எட் லூயிஸும் ஜோ ஸ்டெக்கரும் ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு நின்று, கடைசியில் சமன். இதே எட் லூயிஸ், பில்லி சாண்டோ, டூட்ஸ் மாண்ட் என்ற மூவர் 1920களில் சேர்ந்து ஆட்டத்தின் இலக்கணத்தையே மாற்றினார்கள். நேரத்துக்கு வரம்பு, தூக்கிப் போடுதல், குத்து, பறந்து விழுதல், முன்கூட்டிப் பேசிய முடிவு. யாராவது ஒருவர், சரியான நேரத்தில், பார்க்கும்படியாகத் தோற்க வேண்டும் என்பதற்காகவே இன்றைய ரெஸ்லிங்கை உண்டாக்கினார்கள் என்றுகூடச் சொல்லலாம்.

மும்பைக்கு இந்த இலக்கணம் புதிது இல்லை. எங்கள் பெரியப்பா தாராவித் தோல் பதனிடும் பட்டறையில் வேலை பார்த்தவர். ஒர்லியில் வல்லபாய் படேல் ஸ்டேடியத்தில் தாராசிங் குஸ்தி என்றால் சம்பளத்தில் பிடித்துவைத்துப் போவார்களாம். பல வருஷம் கழித்து ஒருநாள், தாராசிங் அவ்வளவு பெரிய ஆளா என்று கேட்டேன். பெரியப்பா வெற்றிலையை ஓரம் தள்ளிவிட்டுச் சொன்னார்: "தாராசிங்க பாக்கவாடா போனோம்? கிங்காங் உழுவுறத பாக்கத்தான்டா போனோம்."

கிங்காங் என்பவர் ஹங்கேரியில் பிறந்த எமில் சாயா. எடை 200 கிலோ அளவுக்குச் சொல்வார்கள். இந்தியாவிலும் சிங்கப்பூரிலும் அவர் பெயரைச் சொன்னால் டிக்கெட் போகும். 1970இல் சிங்கப்பூரில், கார் விபத்துக்குப் பிறகு இறந்தார். ஊர் ஊராகப் போய் அவர் செய்தது என்ன? முறைத்தார், உறுமினார், ரெஃப்ரியைத் தள்ளிவிட்டார், கூட்டத்தைத் திட்டினார், கடைசியில் பெருமரம் சாய்கிற மாதிரி சாய்ந்தார். அவர் சாய்ந்ததால்தான் தாராசிங் மலை ஆனார். நம் தமிழ்நாட்டுத் தாத்தாக்களும் அந்த இரண்டு பெயரையும் பிரிக்காமல் 'கிங்காங் தாராசிங்' என்றுதான் சொல்வார்கள். விழுந்தவர் பெயர் முதலில் வருவதைக் கவனித்தீர்களா?

1968 மே 29 அன்று இதே பம்பாயில் தாராசிங் அமெரிக்கர் லூ தெஸைத் தோற்கடித்தார். உலகப் பட்டம் வந்தது அப்போதுதான். தெஸுக்கு அன்று 52 வயது. ஆனால் முப்பது வருஷமாகப் பலமுறை உலகச் சாம்பியனாக இருந்தவர், நிஜப்பிடி தெரிந்தவர் என்று எல்லோரும் மதித்தவர். யார் வேண்டுமானாலும் விழலாம், ஆனால் விழுவதற்கு ஓர் உயரம் வேண்டும். தெஸிடம் அது இருந்தது. அன்று அவர் கொடுத்துவிட்டுப் போனதை வைத்துத் தாராசிங் கடைசிவரை உலகச் சாம்பியன் என்றே அழைக்கப்பட்டார்.

வில்லன் என்பவர் எவ்வளவு பெரிய சொத்து என்பது தமிழர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டுமா? எம்.என். நம்பியாரைத் திரையில் பார்த்துத் திட்டாத பாட்டி கிடையாது. நேரில் அவர் சைவம், மது தொடாதவர், வருஷா வருஷம் சபரிமலைக்கு மாலை போட்டுக் கூட்டம் கூட்டமாக ஆட்களை அழைத்துப் போன குருசாமி. எம்.ஜி.ஆரிடம் எத்தனை தடவை அடிவாங்கினார் என்று கணக்கே இல்லை. ஒவ்வொரு தடவையும் அந்த அடிக்கு முன்னால் கையைப் பிசைந்து, கண்ணை இடுக்கி, அடிவாங்கும் தகுதியை அவரே சம்பாதித்துக்கொண்டார். ரெஸ்லிங்கிலும் ரிங்குக்குள் வேகத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் பெரும்பாலும் வில்லன் கையில்தான் இருக்கும். ஹீரோவுக்கு எப்போது மூச்சு விட இடம் கொடுக்கலாம், கூட்டம் எப்போது கொதிக்கிறது என்பதை அவர்தான் கணிப்பார். அனுபவம் உள்ளவரை வில்லனாகவும் புதியவரை ஹீரோவாகவும் போடுவது அதனால்தான். நம் ஹாலில் தலைகீழாகச் செய்திருந்தார்கள். அனுபவசாலிகள் எல்லோருக்கும் கைத்தட்டல் வேண்டியிருந்தது.

இனி, விருப்பமில்லாதவர்கள். நான்காவது மேட்ச், ஐந்தாவது மேட்ச் இரண்டும் ஒரே மாதிரி முடிந்தன: வெளியாள் ஓடிவருகிறான், அடிக்கிறான், மணி. மூன்றாவதிலும் கிட்டத்தட்ட அதே. இதை 'டிஸ்க்வாலிஃபிகேஷன்' முடிவு என்பார்கள். இரண்டு பேரில் யாரையும் தோற்கவைக்க மனமில்லை என்றால், யார் ஜெயிப்பது என்று முடிவு எழுதுபவர் எடுக்கும் குறுக்குவழி இது. குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டக் கூடாது. எப்போதாவது வைத்தால் தப்பில்லை, அடுத்த மாதத்துச் சண்டைக்கு விதை போட்ட மாதிரி இருக்கும். ஒரே இரவில் மூன்று வைத்தால், மூன்றாவது தடவை ஆள் ஓடிவரும்போது கூட்டம் கோபப்படாது, செருப்பைத் தேடும்.

கடைசி மேட்ச்சின் ஹீரோ யார் என்று பிறகுதான் தெரிந்தது. ஷோவை நடத்தியவரே அவர்தான். பணம் போட்டவர், பயிற்சி கொடுத்தவர், முடிவை எழுதியவர், சாம்பியன் பெல்ட்டை வைத்திருப்பவர் எல்லாம் ஒரே ஆள். உலகம் முழுக்க இந்தத் தொழிலின் பழைய வியாதி இது. பேனா தன் கையில் இருக்கும்போது தன்னைத் தோற்கடித்து எழுத எத்தனை பேருக்கு மனசு வரும்? மாணவர்கள் எல்லோரும் அவரிடம் தோற்றுத் தோற்று யாருக்கும் உயரம் இல்லை. உயரம் இல்லாதவர்களை ஜெயித்து ஜெயித்து அவருக்கும் ஏறவில்லை.

விதியை மீறிய முடிவு என்பதாலேயே கெட்ட முடிவு ஆகிவிடாது. கதாயுதப் போரில் இடுப்புக்குக் கீழே அடிக்கக் கூடாது, பீமன் அடித்தது தொடையில். அப்பட்டமான ஃபவுல். ஆனால் சபையில் துரியோதனன் தொடையைத் தட்டிக் காட்டிய நாளிலிருந்து, பீமன் சபதம் போட்ட நாளிலிருந்து, அந்த அடி பாக்கி நிற்கிறது. பாக்கி நின்ற அடி விழும்போது விதியைப் பற்றி யாரும் கேட்பதில்லை. நாற்காலியோடு ஓடிவந்த அந்த மூன்று பேர் யார், முகமூடிக்காரருக்கு என்ன உறவு, என்ன பகை என்று ஹாலில் ஒருவருக்கும் தெரியாது. பாக்கியே இல்லாத இடத்தில் வசூல்.

சின்ன ஷோவை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. கோடிகளில் புரளும் நிறுவனமும் இதே இடத்தில்தான் சறுக்குகிறது. கனடாவில் பிறந்த பஞ்சாபிக்காரர் ஜிந்தர் மஹாலை 2017 மே 21 அன்று டபிள்யூ.டபிள்யூ.இ. (பழைய டபிள்யூ.டபிள்யூ.எஃப்.தான்) சாம்பியன் ஆக்கினார்கள். இந்தியச் சந்தைக்காகத்தான் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். டிசம்பரில் டெல்லியில் இரண்டு இரவு ஷோ என்று அறிவித்தார்கள். பிறகு அது ஒரே இரவாகச் சுருங்கியது. ஷோவுக்கு ஒரு மாதம் முன்பு, நவம்பர் 7ஆம் தேதி, மான்செஸ்டரில் ஏ.ஜே. ஸ்டைல்ஸிடம் பெல்ட் போனது. டிசம்பர் 9 அன்று இந்திரா காந்தி ஸ்டேடியத்துக்கு ஜிந்தர் வெறுங்கையோடு வந்து, 48 வயதான, நிர்வாகத்தில் உட்கார்ந்துவிட்ட ட்ரிபிள் ஹெச்சிடம் தோற்றுப் போனார்.

தோற்றது தப்பு என்று நான் சொல்லவில்லை. சின்ன வயசிலிருந்து டி.வி.யில் பார்த்த ட்ரிபிள் ஹெச் நேரில் ஜெயிப்பதைப் பார்க்க அங்கே வந்தவர்களும் உண்டு. ஆனால் அந்தத் தோல்வி யாருக்கு என்ன கொடுத்தது? ட்ரிபிள் ஹெச்சுக்கு அது தேவையில்லை, அவர் அடுத்த வாரம் அலுவலகத்துக்குப் போய்விடுவார். ஜிந்தர் மற்ற ஊர்களில் வில்லன், டெல்லியில் மட்டும் வீட்டுப் பிள்ளை, தோற்கும்போது இரண்டும் இல்லை. படுகளத்தில் துரியோதனனை, யார் என்று தெரியாத ஒரு சேனாதிபதி வந்து அடித்துவிட்டுப் போன மாதிரி.

வயசைப் பற்றிச் சொன்னால் 2019 ஜூன் 7ஐ விட முடியாது. சவுதி அரேபியாவின் ஜெத்தாவில் அண்டர்டேக்கரும் கோல்ட்பர்க்கும் முதன்முறையாக ஒற்றைக்கு ஒற்றை மோதினார்கள். ட்ரம்ப் கார்டு காலத்தில் இந்த இரண்டு பேரில் யார் ஜெயிப்பார் என்று நாங்கள் தாராவி 90 அடி ரோட்டில் சண்டையே போட்டிருக்கிறோம். பதில் கிடைக்க இருபது வருஷம் ஆனது. அப்போது அண்டர்டேக்கருக்கு 54, கோல்ட்பர்க்குக்கு 52. ஆரம்பத்திலேயே கோல்ட்பர்க் தலை கம்பத்தில் மோதி ரத்தம். அதற்குப் பிறகு அவரால் தூக்கவும் முடியவில்லை, ஒழுங்காக விழவும் முடியவில்லை. ஒரு தூக்கலில் அண்டர்டேக்கர் தலைகுப்புற இறங்கியபோது, ஃபோன் திரையில் பார்த்த எனக்கே கழுத்து வலித்தது. ஜெயித்த அண்டர்டேக்கரே பின்னாளில் அந்த இரவைப் பற்றி வருத்தத்தோடுதான் பேசினார்.

அதே நேரம், உடம்பு ஒத்துழைக்காததால் மட்டும் மேட்ச் கெட்டுவிடும் என்றும் இல்லை. 1987 மார்ச் 29, ரெஸ்ல்மேனியா 3 என்ற பெரிய ஷோ. ஆண்ட்ரே தி ஜயண்ட் முதுகில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு வந்து நிற்கிறார். நடப்பதே பாடு. ஹல்க் ஹோகனோடு அவர் ஆடியதைத் திறமை என்ற கண்ணாடி போட்டுப் பார்த்தால் ஒன்றுமே இல்லை. அதே இரவில் ரேண்டி சாவேஜும் ரிக்கி ஸ்டீம்போட்டும் ஆடியது அதைவிடப் பத்து மடங்கு சுத்தம். ஆனால் ஆண்ட்ரே தோற்றதே இல்லை என்று பதினைந்து வருஷமாகச் சொல்லி வைத்திருந்தார்கள். அவரை ஹோகன் தூக்கிப் போட்ட அந்த ஒரு நொடியை இன்றைக்கும் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அந்த வலியோடு, தன் எடையை இன்னொருவர் கையில் நம்பிக் கொடுத்தவர் ஆண்ட்ரேதான்.

நம் நாட்டிலும் நன்றாக நடந்தது உண்டு. 2023 செப்டம்பர் 8 அன்று ஹைதராபாத் கச்சிபவுலியில், ஜான் சீனா முதன்முறையாக இந்தியாவில் ஆடினார். சேத் ராலின்ஸோடு ஜோடி சேர்ந்து லுட்விக் கைசர், ஜியோவானி வின்சி என்ற இருவரை எதிர்த்தார். முடிவைப் பற்றி யாருக்காவது சந்தேகம் இருந்திருக்குமா? என் நண்பன் ரயில் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்து சீனாவைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசினான், கைசரின் திமிரைப் பற்றி அரை மணி நேரம் பேசினான்.

தோற்பவர்கள் ஏன் இங்கே உருவாவதில்லை என்றால், காரணம் சாதாரணமானது. விழப் பழக மேடை வேண்டும். அமெரிக்காவிலும் ஜப்பானிலும் ஒரு ரெஸ்லர் ஒரு வருஷத்தில் நூறு மேட்ச்சுக்கு மேல் ஆட வாய்ப்பிருக்கிறது. ஒவ்வொரு ஊரிலும் ஒவ்வொரு மாதிரிக் கூட்டம், எங்கே நிறுத்தினால் கத்துவார்கள், எங்கே இழுத்தால் கொட்டாவி விடுவார்கள் என்று உடம்பே கற்றுக்கொள்ளும். இங்கே வாரா வாரம் ஷோ நடத்தும் பழக்கம் நிலைக்கவில்லை. 2011 கடைசியில் புனேயில் 'ரிங் கா கிங்' என்ற நிகழ்ச்சியைப் படம்பிடித்து 2012இல் டி.வி.யில் போட்டார்கள். ஒரு சீசனோடு சரி. டபிள்யூ.டபிள்யூ.இ.யில் ஆடிய கிரேட் காளி ஜலந்தரில் பயிற்சிப் பள்ளி நடத்துகிறார், அங்கிருந்து ஆட்கள் வருகிறார்கள். ஆனால் 2016 பிப்ரவரியில் ஹல்த்வானியில் காளியே வெளிநாட்டு ரெஸ்லர்களிடம் அடிவாங்கி மண்டையில் தையலோடு ஆஸ்பத்திரியில் படுத்தபோது, செய்திச் சேனல்கள் நேரலை ஓட்டின. நான்கு நாள் கழித்து டேராடூனில் வந்து பழிவாங்கினார். பாருங்கள், அங்கேயும் கூட்டத்தை இழுத்தது அவர் விழுந்ததுதான்.

சரி, அந்த உருப்படியான மேட்ச். வரிசையில் அது இரண்டாவது. இருபது, இருபத்திரண்டு வயசுப் பையன்கள் இருவர். ஹீரோ பையன் பறக்கிற ரகம். வில்லன் ஒல்லி, முழங்கால் பட்டை ஒன்று கிழிந்து தொங்கியது. வந்ததும் முதல் வரிசையில் இருந்த ஒரு குழந்தையின் பாப்கார்னைப் பிடுங்கித் தின்றுகொண்டே ரிங்கைச் சுற்றி வந்தான். அவ்வளவுதான், ஹால் முழுக்க அவனுக்கு எதிரி. எதிராளியின் இடது கையை மட்டும் பிடித்துக்கொண்டு எட்டு நிமிஷம் விடவில்லை, ஹீரோ எழும்போதெல்லாம் அதே கையை இழுத்து உட்காரவைத்தான். கூட்டம் முதலில் திட்டியது, பிறகு தாளம் போட்டது, பிறகு எழுந்து நின்றது. ஹீரோ ஒற்றைக் கையால் திருப்பி அடித்த முதல் அடிக்கே வில்லன் கயிற்றில் சுருண்டு, எழுந்து, தப்பான ஆளைப் பார்த்துக் கையை ஓங்கி (ரெஃப்ரியைத்தான்), திரும்பும்போது இரண்டாவது அடி. கடைசியில் கயிற்றின் மேலிருந்து ஹீரோ பாய்ந்தபோது, பாய்ந்தவனைவிட அடியில் கிடந்தவன்தான் அவனைப் பத்திரமாகத் தாங்கிக்கொண்டான் என்பது பக்கவாட்டில் இருந்த எங்களுக்குத் தெரிந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. சுத்தமான தோல்வி. திரும்பிப் போகும்போதும் தோளைப் பிடித்துக்கொண்டு, பாப்கார்ன் குழந்தையிடம் ஏதோ முனகிவிட்டுப் போனான்.

இதைக் கடைசியில் வைத்திருந்தால் ஷோவே வேறு. இரண்டாவதாக வைத்ததால் அதற்குப் பின் வந்த எல்லாமே இறக்கம்.

ஷோ முடிந்து ஸ்டேஷனுக்கு வந்தோம். பிளாட்பாரத்துக்கு வெளியே வடா பாவ் கடை. அங்கே தோளில் பையோடு அந்த வில்லன் பையன் நின்றிருந்தான். நான் அக்கா மகனிடம், போய் ஒரு செல்ஃபி எடுத்துக்கோ என்றேன். அவன் அசையவில்லை.

"வேணாம் மாமா. அவன் சின்னப் புள்ள பாப்கார்ன புடுங்கினான்."

அது அந்தப் பையன் காதில் விழுந்துவிட்டது. தமிழ் தெரியுமோ என்னவோ, 'பாப்கார்ன்' புரிந்திருக்கும். வாய் நிறைய வடா பாவ். எங்களைப் பார்த்துத் திரும்பி, சிரிக்காமல், கண்ணை உருட்டி ஒரு முறை முறைத்தான். அக்கா மகன் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு ஓரடி பின்னால் போனான்.